சுவரில் கறை படாமல் வீட்டுக்குள் ஆர்க்கிட் வளர்த்தல்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையின் கிழக்குச் சன்னலோரம் முதன்முதலாக ஓர் ஆர்க்கிட் செடியைத் தேங்காய்க் கதம்பலில், அதாவது உரித்த மட்டையில், கட்டித் தொங்கவிட்டபோது, தினமும் காலையில் கைத்தெளிப்பானால் அங்கேயே தண்ணீர் தெளித்து வந்தேன். மூன்றாவது வாரத்தில் வெள்ளையடித்த சுவரில், செடியின் அடியிலிருந்து தரை வரைக்கும், கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. கதம்பலில் இருக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தண்ணீரில் கரைந்து வழிந்ததையெல்லாம் சுவர் குடித்துவிட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. செடியும் சுருங்கத் தொடங்கியிருந்தது, ஏனெனில் தெளித்த தண்ணீரில் பெரும்பகுதி வேருக்குப் போகாமல் சுவருக்கே போயிருந்தது. தண்ணீரைச் செடி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதை நிறுத்தி, செடியைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகுதான் இரண்டு தொல்லைகளும் ஒன்றாகத் தீர்ந்தன.

இந்தச் செடிகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. மழை பெய்யும்போது முழுவதும் நனைந்து, மழை விட்டதும் காற்றில் உலர்ந்துவிடுவது அவற்றின் வாழ்க்கை முறை. அவற்றின் வேரைச் சுற்றி வெலமன் என்னும் பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகத் தெரியும் இந்த உறை, நீரை உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டும். வேர் வெளுத்திருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். தொட்டியில் வளரும் செடியில் இந்த வசதி கிடையாது. நாள் முழுவதும் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகிவிடும். மேலோட்டமாகத் தூவி விட்டால் உறை நிரம்பாது.

வீட்டுக்குள் வளர்க்க ஃபெலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட் வகை நல்ல தொடக்கம். நேர் வெயில் படாத வெளிச்சமே அதற்குப் போதும், பூவும் இரண்டு மாதம் வரை நிற்கும். தோவாளைப் பூச்சந்தையின் பிச்சிப்பூவை மாலைக்குள் வாடவிட்டுப் பழகிய நமக்கு அது முதலில் காகிதப் பூவோ என்று தோன்றும். சிறு வகை டென்ட்ரோபியம், ஆன்சிடியம் ஆகியவை இதைவிடக் கூடுதல் வெளிச்சம் கேட்கும். வாண்டா வகையை வராந்தாவுக்கு விட்டுவிடுவது நல்லது. பேச்சிப்பாறை அணைக்கு மேலே காட்டு மரங்களில் தொங்குபவற்றைப் பறித்து வரும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, அப்படி வந்தவை அறைக்குள் பிழைப்பதும் அரிது.

எதில் கட்டுவது என்பதில்தான் கறையின் பாதிப் பிரச்சினை இருக்கிறது. கதம்பல் நம் குமரி மாவட்டத்தில் சும்மாவே கிடைக்கும் என்றாலும், அதை ஒரு வாரமாவது ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை தினமும் மாற்ற வேண்டும். கயிறு திரிப்பதற்காகக் காயலில் ஊறப்போட்ட கதம்பலில் உப்பு ஏறியிருக்கும் என்பதால் அதை அறவே தவிர்க்கலாம். குலசேகரம் பக்கம் எளிதாகக் கிடைக்கும் ரப்பர் மரமும் உதவாது: பச்சையாக இருந்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பதப்படுத்தியதில் போரான் கலந்த மருந்து ஏறியிருக்கும். பலா அல்லது அயனி மரத்தின் வைரம் பாய்ந்த காய்ந்த துண்டு நீடித்து உழைக்கும். ஆனால் என் கைக்குப் பிடித்தது பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் ஓட்டுத் துண்டுதான். அது அழுகாது, சாயம் விடாது, தண்ணீரைக் குடித்து மெல்ல மெல்ல விடும். கல்லில் துளையிடும் அலகால், தண்ணீர் விட்டுக்கொண்டே, மெதுவாக இரண்டு துளைகள் போட்டுக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் ஓட்டில் விரிசல் விழுந்துவிடும். ஓடு கனமானது என்பதால் ஆணி போதாது, சுவரில் துளையிட்டுப் பிளக் வைத்துத் திருகிய கொக்கிதான் தாங்கும்.

வேர்நுனிகள் புதிதாகப் பச்சை விடும் காலத்தில் கட்டினால் செடி விரைவில் பற்றிக்கொள்ளும். நம் பக்கம் கோடைமழைக்குப் பிந்தைய வாரங்கள் இதற்குத் தோதானவை. தொட்டியிலிருந்து எடுத்த செடியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்தால் வேர்கள் உடையாமல் வளையும். அழுகிய வேர்களை, தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் நறுக்கிவிட்டு, நல்ல வேர்களை ஓட்டின் மேல் விரித்து, தங்கூசி என்னும் மீன்பிடி நைலான் இழையால் செடி ஆடாதபடி கட்ட வேண்டும். செம்புக் கம்பி ஆர்க்கிட் வேருக்கு ஆகாது. இரும்புக் கம்பி முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் துருப்பிடித்து, சுவரில் இன்னொரு நிறத்தில் கோடு போடும். ஃபெலனாப்சிஸைக் கட்டும்போது அதன் குருத்து மேல்நோக்கி இருக்கக் கூடாது. இலைகள் பக்கவாட்டிலோ சற்றுக் கீழ்நோக்கியோ தொங்கும்படி சாய்த்துக் கட்டினால், குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகும் ஆபத்து நீங்கும். காட்டிலும் அது அப்படித்தான் தொங்குகிறது. வேருக்கும் ஓட்டுக்கும் இடையே ஈரம் பிடித்து வைக்கும் ஸ்பேக்னம் பாசி வைப்பதானால் ஒரு சிட்டிகை போதும். மழைக்காலத்தில் அதுவும் அதிகம் என்பது என் எண்ணம்.

துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியில், ஒரு கையால் கழற்றி மாட்டும்படி செடியைத் தொங்கவிட வேண்டும். கழற்றுவது கடினமாக இருந்தால் நான்காம் நாளே சோம்பல் வந்து, மறுபடியும் தெளிப்பானைத் தேடுவோம். ஓட்டின் பின்புறம் இரண்டு பாட்டில் மூடிகளை ஒட்டிவிட்டால் சுவருக்கும் அதற்கும் இடையே காற்றோட இடம் இருக்கும், ஈரப்பொட்டும் விழாது.

இனி தண்ணீர். காலையில் செடியைக் கழற்றி, குளியலறையிலோ துணி துவைக்கும் கல்லருகிலோ வாளியில் வேர்களும் ஓடும் மூழ்கும்படி பத்து முதல் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். இலைகளும் குருத்தும் வெளியே இருக்கட்டும். வேர் முழுவதும் பச்சையான பிறகு எடுத்து, குழாயிலோ துணி உலர்த்தும் கம்பியிலோ மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். சொட்டு நிற்க அரைமணி நேரம் ஆகும். அதுவரை சுவருக்குக் கொண்டுபோகக் கூடாது. தரை நனைவதெல்லாம் இந்த அரைமணி நேரத்துக்குப் பொறுமை இல்லாததால்தான். திரும்ப மாட்டுவதற்கு முன் ஓட்டின் அடிவிளிம்பை ஒரு பழந்துணியால் துடைத்தால் அங்கே தங்கி நிற்கும் கடைசிச் சொட்டும் போய்விடும். ஒரே வாளித் தண்ணீரில் எல்லாச் செடிகளையும் முக்கினால் ஒன்றின் நோய் மற்றதற்குப் பரவும் என்பதால், நோய்ச்சந்தேகம் உள்ளதைக் கடைசியில் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, ஏனெனில் இம்மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் வருகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தினமும் தேவைப்படும். ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் பகுதியில் ஓடு மதியத்துக்குள் காய்ந்துவிடும். சூன், சூலையிலும், ஐப்பசி அடைமழையிலும் மூன்று நாளுக்கு ஒருமுறைகூடப் போதும். அந்த நாட்களில் தண்ணீரைவிட மின்விசிறிதான் செடிக்குத் தேவை. மாலையில் நனைப்பதைத் தவிர்க்க வேண்டும், இரவில் குருத்து ஈரமாக இருக்கக் கூடாது.

கழற்ற முடியாத பெரிய செடிகள் இருந்தால், நான்கு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, இரு முனையிலும் மூடி பொருத்தி, செடிவரிசையின் அடியில் சற்றுச் சரிவாகப் பதித்து, தாழ்ந்த முனை மூடியில் துளையிட்டு அதன் கீழ் ஒரு பாத்திரம் வைக்கலாம். பின்சுவருக்கு ஒரு பிவிசி தகடு வேண்டும். பாத்திரத்தை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். டெங்குக் கொசுவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீரே போதும்.

மழைநீரே இச்செடிகளுக்கு மிக உகந்தது, மூடிய தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கடலோரத்து உப்புத் தண்ணீரும், ஆர்ஓ குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரும் வேர்நுனியைக் கருக்கிவிடும். வீணாக்கக் கூடாது என்று அந்தக் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது தரை கழுவப் பயன்படட்டும். உரத்துக்கு உரக்கடையில் கிடைக்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 தூளை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, வாரம் ஒருமுறை, வேர் ஏற்கெனவே நனைந்திருக்கும்போது காட்டலாம். ஓட்டில் வெள்ளைப் பூச்சு படிந்தால் உப்பு சேர்கிறது என்று பொருள்; இரண்டு வாரம் உரத்தை நிறுத்தி மழைநீரில் மட்டும் முக்கினால் குறையும்.

ஒரு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தால், புறப்படும் காலையில் செடியை நன்கு ஊறவைத்து, வேரின் மேல் ஈரப்பாசியைத் தளர்வாகச் சுற்றி, வெளிச்சம் வரும் குளியலறைச் சன்னலருகே தொங்கவிட்டுப் போவேன். திரும்பியதும் முதல் வேலையாகப் பாசியைக் களைந்துவிட வேண்டும்.