லாவெண்டர் சட்டை வேண்டுமா? சுடிதார் பகுதிக்குப் போங்கள்

சேலம் கடைவீதியில் ஆண்களுக்கு இளஞ்சிவப்பு, லாவெண்டர், மாம்பழ மஞ்சள் சட்டை தேடி ரெடிமேட் பகுதியில் அலையாதீர்கள். பெண்கள் பகுதியில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பிளெய்ன் காட்டனை வாங்கித் தைத்துக்கொள்ளுங்கள். 'லேடீஸ் கலர்' என்று நாமே ஒதுக்குவதால் ஆண்கள் அலமாரியில் நீலமும் சாம்பலும்தான் அதிகம். அங்கேயோ ஒரே நிறத்தில் நாலைந்து சாயல் கிடைக்கும். துணியின் அகலத்தைக் கேளுங்கள்: 36 அங்குலம் என்றால் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர், 58 என்றால் 1.6 மீட்டர் போதும். வெண்பட்டு வேட்டிக்குப் பொருத்தமாக வேண்டுமானால், கரையைத் துணிமேல் வைத்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். "அக்காவுக்கா?" என்று கடைக்காரர் கேட்டால், சரி, தலையாட்டிவிடலாம். பிளவுஸ் பிட் மட்டும் வேண்டாம். ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். லைனிங் வைத்துத் தைக்கும் மெல்லிய துணியும் ஆகாது, பனியன் தெரியும்.