நாளுக்கு ஒரு நன்றி: என் அனுபவம்

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் காத்திருந்த சென்னைவாசிகளுள் நானும் ஒருத்தி. மழை வந்ததும் அந்தத் தவிப்பை மறந்து, எதிலும் குறை காணும் பழைய மனநிலைக்கே திரும்பிவிட்டேன். இரவு உறக்கமும் கெட்டது.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுள் ஒரு பிரிவினர் தாங்கள் நன்றி பாராட்டுபவற்றை ஐந்து வரை பட்டியலிட்டனர் என்று படித்து, நானும் நாள்தோறும் ஐந்து எழுதினேன். பத்தே நாள்களில் ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, அது வெறும் வீட்டுப்பாடமாகிவிட்டது.

ஆகவே எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து, அன்றைக்கு மட்டுமே உரியதாகவும், யாரால் கிடைத்தது என்பது விளங்கும்படியும் எழுதத் தொடங்கினேன். ‘அத்தை எனக்கு முன்பே எழுந்து, குழாயில் வந்த தண்ணீரைப் பிடித்து வைத்து, டிகாக்‌ஷனும் இறக்கியிருந்தார்’ என்பதே அவ்வாறு எழுதிய முதல் குறிப்பு. மறுநாள் அதை அவரிடமே படித்துக் காட்டினேன். எழுதுவதைவிட இவ்வாறு சொல்லிவிடுவதே முக்கியம் என்பது என் கருத்து. அவர் ஒன்றும் பேசாமல் என் தலையை வருடிக் கொடுத்தார். அன்றிரவு நன்றாக உறங்கினேன்.