ரீபவுண்ட் எண்ணப் பழகலாம் வாங்க: ஒரு நோட்டு, ஒரு பென்சில், நாற்பது நிமிஷம்

போன ஆடியில் பல்லடம் பக்கம் ஒரு திறந்தவெளி கிரவுண்டில் எங்கள் கிளப் பையன்களுக்குக் கூடைப்பந்து மேட்ச். ஸ்கோர் நோட்டு என் கையில். ஆட்டம் முடிந்ததும் நல்லா ரீபவுண்ட் எடுத்த பையனுக்கு ஒரு கப் உண்டு, பேரைச் சொல்லுங்கள் என்றார்கள். நோட்டைப் புரட்டினேன். பதினொன்று எடுத்தவன் ஒருத்தன் இருந்தான். அவன் பேரைச் சொன்னேன், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

சேர்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காலத்தில் மில் டீமில் ஆடிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங் தம்பி, பந்தப் புடிச்சவன எழுதிப்போட்டீங்க, சரி. அவனுக்கு எடம் புடிச்சுக் குடுத்தவன எந்தப் பக்கத்துல எழுதியிருக்கறீங்க?" என்றார்.

என் நோட்டில் அப்படி ஒரு பக்கமே இல்லை. அதற்குப் பிறகு நான் நோட்டை மாற்றினேன். எப்படி மாற்றினேன் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பையோ கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பையோ பார்க்கப் போகிறவர்கள், உள்ளூர் கிளப்பில் ஸ்கோர் எழுத மாட்டிக்கொண்டவர்கள், டிவியில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் ஆட்டம் பார்த்துவிட்டு "இத்தனை ரீபவுண்ட்" என்று வரும் எண்ணை என்ன செய்வது என்று தெரியாதவர்கள், எல்லாருக்கும் இது ஆகும்.

முதல் படி: எது ரீபவுண்ட்?

ஷூட் போட்ட பந்து உள்ளே விழவில்லை. அதை முதலில் தன் கட்டுக்குள் கொண்டுவந்த ஆட்டக்காரர் கணக்கில் ஒன்று. அவ்வளவுதான். பந்து ரிங்கில் படாமல் காற்றில் போயிருந்தாலும் எடுத்தவருக்கு ரீபவுண்ட் உண்டு. எதிராளி ஷூட்டைக் கையால் தடுத்து (பிளாக்), உதறிய பந்தை ஒருவர் எடுத்தால் அதுவும் ரீபவுண்ட்தான். புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

குழப்பம் வருகிற இடங்கள் வேறு சில உண்டு. தவறி வந்த பந்தைக் காற்றிலேயே தட்டி மறுபடி ரிங்குக்கு அனுப்பினால், அவருக்கு ஒரு ரீபவுண்ட், ஒரு ஷூட் இரண்டையும் எழுத வேண்டும். பிடிக்க முடியாமல், ஆனால் வேண்டுமென்றே தன் ஆள் பக்கம் தட்டிவிட்டால் தட்டியவருக்குத்தான் ரீபவுண்ட். யாரும் பிடிக்காமல் பந்து கோட்டுக்கு வெளியே போனால் தனி ஆளுக்கு ஒன்றும் இல்லை, பந்து கிடைத்த அணியின் கணக்கில் எழுதுங்கள். ஃபவுலுக்காகக் கிடைக்கிற இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தவறினால் ரீபவுண்டே கிடையாது. அந்தப் பந்தை நடுவர்தான் எடுப்பார், அவருக்கு எழுதவா முடியும்?

இரண்டாம் படி: இரண்டாகப் பிரிப்பது

நாம் ஷூட் போட்டுத் தவறியதை நாமே எடுத்தால் அஃபென்ஸ் ரீபவுண்ட். எதிரணி தவறவிட்டதை நாம் எடுத்தால் டிஃபென்ஸ் ரீபவுண்ட். நோட்டில் 'அ', 'டி' என்று இரண்டு கட்டம் போதும். என்.பி.ஏ.விலேயே 1973-74 சீசனில்தான் இப்படிப் பிரித்து எழுத ஆரம்பித்தார்கள். என் பழைய நோட்டு 2024 வரைக்கும் 1973க்கு முந்தியே நின்றுகொண்டிருந்தது.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், இரண்டுக்கும் விலை வேறு. டிஃபென்ஸ் ரீபவுண்ட் கிடைப்பது பெரும்பாலும் இயல்பு. நம் ஆட்கள் ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், எதிராளி வெளியிலிருந்து வர வேண்டும். எடுக்காவிட்டால்தான் தப்பு. அஃபென்ஸ் ரீபவுண்ட் என்பது முடிந்துபோன வாய்ப்புக்கு மறுபடி உயிர் கொடுப்பது. பந்து ரிங்கில் பட்டுத் திரும்பி நம் கைக்கே வந்தால், ஷூட் போடுவதற்கான கடிகாரத்தில் 14 வினாடி புதிதாகக் கிடைக்கும்.

ஒரே ஒரு அஃபென்ஸ் ரீபவுண்ட் என்ன செய்யும் என்பதற்கு 2013 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏழு ஆட்டத் தொடரில் சான் அன்டோனியோ 3-2 என முன்னால் இருக்கிறது. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் கோப்பை. கடைசி வினாடிகளில் 95-92. மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் போட்ட மூன்று பாயின்ட் ஷூட் தவறுகிறது. சான் அன்டோனியோவின் உயரமான ஆள் டிம் டங்கன் அந்த நேரம் பெஞ்சில். வெளியே ஓடி ஓடி மூன்று பாயின்டைத் தடுக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்று பயிற்சியாளர் அவரை உட்கார வைத்திருந்தார். கூட்டத்துக்கு நடுவே கிறிஸ் பாஷ் எம்பிப் பந்தை எடுத்து, பின்னாலேயே நகர்ந்து மூலைக்குப் போன ரே ஆலனுக்குக் கொடுக்க, 5.2 வினாடி மிச்சம் இருக்கும்போது 95-95. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என ஜெயித்தது. ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பையையும் தூக்கியது. எல்லாரும் ரே ஆலனின் ஷூட்டைத்தான் பேசுவார்கள். பாஷ் எடுத்தது நோட்டில் ஒரே ஒரு கோடு.

மூன்றாம் படி: நோட்டில் கோடு போடுவது

இடது ஓரம் ஜெர்சி நம்பர். அதற்குப் பக்கத்தில் நான்கு கட்டம்: 'அ', 'டி', 'இ', கடைசியாக 'மிஸ்'. 'இ' என்றால் இடம். அதுதான் பெரியவர் கேட்ட பக்கம். 'மிஸ்' என்றால் அந்த ஆள் கோர்ட்டில் இருந்த நேரத்தில், இரு அணியும் சேர்த்துத் தவறவிட்டு, யாரோ ஒருத்தர் கையில் போய்ச் சேர்ந்த பந்துகள் எத்தனை. மஞ்சள் மண்டியில் மூட்டை எண்ணுகிற மாதிரி நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போடுங்கள். போனில் எழுதலாமே என்பீர்கள். முயற்சி செய்தேன். ஸ்கிரீனைக் குனிந்து பார்த்த நேரத்தில் இரண்டு ரீபவுண்ட் போய்விட்டது.

ஒரே ஆள் பார்த்து எழுதுவது கஷ்டம். பார்த்துச் சொல்ல ஒருத்தர், எழுத ஒருத்தர் இருங்கள். முதல் மேட்சுக்கு உங்கள் அணியை மட்டும் எழுதினால் போதும்.

நான்காம் படி: கண்ணை எங்கே வைப்பது

இதுதான் பழக நாளாகும். ஷூட் கிளம்பியதும் கிரவுண்டில் இருக்கிற எல்லாருடைய கண்ணும் பந்தோடு மேலே போகும். எழுதுகிறவர் கண் அந்த ஒரு வினாடி கீழே இருக்க வேண்டும், ரிங்குக்கு அடியில். அங்கேதான் பாக்ஸ் அவுட், அதாவது எதிராளிக்கு முதுகு கொடுத்து இடம் பிடிப்பது, நடக்கிறது.

நல்ல பாக்ஸ் அவுட்டில் ஆட்டக்காரர் பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் தன் எதிராளி எங்கே என்று பார்ப்பார். திரும்பி முதுகைக் கொடுப்பார். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளி தன் முதுகில் உரசுகிறாரா என்று உணர்ந்துகொள்வார். கை இரண்டும் விரிந்திருக்கும், பிடித்து இழுக்காது. அதற்குப் பிறகுதான் பந்தைத் தேடுவார். அந்த எதிராளி கடைசி வரைக்கும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்து, பந்து நம் அணிக்கு வந்தால், முதுகு கொடுத்தவருக்கு 'இ'-யில் ஒரு கோடு. பந்தை எடுத்தவர் வேறு ஆளாக இருந்தாலும் சரி. வெறுமனே அக்கட்டால தள்ளிவிட்டால் அது ஃபவுல், கோடு கிடையாது.

இன்னொன்று. மூலையிலிருந்து போட்ட ஷூட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப்புற மூலைப் பக்கம்தான் விழும். தூரத்திலிருந்து போட்டது தூரமாகத் தெறிக்கும், அதனால் மூன்று பாயின்ட் அதிகம் போடுகிற அணிக்கு எதிராகச் சின்ன ஆட்களும் ரீபவுண்டுக்கு நிற்க வேண்டும். இதெல்லாம் உள்ளரங்கத்தில். பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடி மாசத்தில் வெளியே ஆடினால் கணக்கே வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாடி மில்லையே சுற்றுகிறது, பந்தைச் சும்மா விடுமா? மேற்கே இருந்து வீசுகிறது என்றால் கிழக்குப் பக்கம் ஓர் ஆள் எச்சாக நிற்கட்டும். நோட்டின் மேல் ஓரத்தில் காற்று எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி போட்டு வைத்தால், பிறகு படிக்கும்போது பல மர்மம் விலகும்.

ஐந்தாம் படி: கணக்குப் போடுவது

அணிக்கு முதலில். நாம் தவறவிட்ட பந்துகளில் நமக்கே வந்தது 9, எதிரணி எடுத்தது 21 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30. ஒன்பதை முப்பதால் வகுத்தால் 30 சதவீதம். இது நம் அஃபென்ஸ் ரீபவுண்ட் விகிதம், நல்ல எண்தான். எதிரணி தவறவிட்டதற்கும் இதேபோலப் போடுங்கள்.

தனி ஆளுக்குத்தான் 'மிஸ்' கட்டம். ஒரு பையன் 36 நிமிஷம் ஆடி 10 எடுத்தான். அவன் கோர்ட்டில் இருந்தபோது வந்த பந்துகள் 58. இன்னொருவன் 20 நிமிஷம்தான் ஆடினான், 8 எடுத்தான். அவனுக்கு வந்த பந்துகள் 32. பார்க்க முதலாமவன் பெரிய ஆள். வகுத்துப் பாருங்கள்: முதலாமவனுக்குச் சுமார் 17 சதவீதம், இரண்டாமவனுக்கு 25. பயிற்சியாளர் இரண்டாமவனை ஏன் இன்னும் பத்து நிமிஷம் ஆட வைக்கவில்லை என்று கேட்க இப்போது உங்களிடம் காரணம் இருக்கிறது.

இதே வகுத்தல்தான் என்.பி.ஏ.வின் பெரிய பேர்களையும் இடம் மாற்றி வைக்கிறது. வில்ட் சேம்பர்லின் 1960-61இல் ஆட்டத்துக்குச் சராசரி 27.2 ரீபவுண்ட் எடுத்தார். அந்த சீசனில் 1960 நவம்பர் 24 அன்று பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 55. இன்றுவரை யாரும் தாண்டவில்லை. (அந்த ஆட்டத்தில் அவர் அணி தோற்றது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.) டென்னிஸ் ராட்மன் 1991-92இல் 18.7. இருபத்தேழு எங்கே, பதினெட்டு எங்கே என்று தோன்றும். ஆனால் வில்ட் காலத்தில் ஓட்டமும் ஷூட்டும் அதிகம், தவறுவதும் அதிகம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எழுபதுக்கு மேல் ரீபவுண்ட் எடுக்கும். அதோடு வில்ட் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் கோர்ட்டில் இருப்பார். ராட்மன் காலத்தில் ஓர் அணிக்குச் சுமார் நாற்பத்து நாலு, அவர் ஆடியது நாற்பத்தெட்டில் நாற்பது நிமிஷம். வந்த பந்துகளில் வில்ட் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை எடுத்தார், ராட்மன் நான்கில் ஒன்றை.

ராட்மன் உயரம் 6 அடி 7 அங்குலம். அந்த உயரத்தோடு ஏழு சீசன் தொடர்ந்து ரீபவுண்டில் முதலிடம். வாழ்நாள் சராசரி 7.3 பாயின்ட்தான். பாயின்டை மட்டும் எண்ணுகிற நோட்டில் அவர் சாதாரண ஆள். ஐந்து கோப்பை ஜெயித்த அணிகளில் இருந்தவர். 2011இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்திலும் சேர்த்தார்கள். 1996 இறுதிச் சுற்றில் இரண்டு ஆட்டங்களில் ஆளுக்கு எட்டாத பந்தாகப் பார்த்துப் பதினொரு அஃபென்ஸ் ரீபவுண்ட் எடுத்தார், ஒவ்வொன்றிலும்.

ஆறாம் படி: எண் எங்கே ஏமாற்றும்

இங்கேதான் 'இ' கட்டத்துக்கு வருகிறோம். புரூக் லோபஸ் ஏழடி ஆள். 2018-19இல் மில்வாக்கி அணிக்கு ஆடியபோது சராசரி 4.9 ரீபவுண்ட். ஏழடி மனிதன் ஐந்துகூட எடுக்கவில்லையா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதே சீசனில் அவர் அணி 60 ஆட்டம் ஜெயித்தது, ரீபவுண்டில் முன்வரிசையில் நின்றது, பக்கத்தில் ஆடிய யானிஸ் அண்டெட்டோகும்போ 12.5 எடுத்தார். லோபஸ் எதிரணியின் பெரிய ஆளை முதுகில் கட்டி வைத்துக்கொள்வார், யானிஸ் வந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். தென்னந்தோப்பில் மரம் ஏறி வெட்டிப் போடுகிறவர் ஒருத்தர், கீழே கூட்டிக் குவிக்கிறவர் ஒருத்தர். குவியலை எண்ணிவிட்டு மொத்தமும் கீழே இருந்தவர் வேலை என்றால் மேலே இருப்பவர் என்ன சொல்வார்? இப்போது என்.பி.ஏ.வும் பாக்ஸ் அவுட்டைத் தனியாக எண்ணி வெளியிடுகிறது.

எண்ணுக்காகவே ஆடுகிறவர்களும் உண்டு. 2003 மார்ச்சில் கிளீவ்லேண்டின் ரிக்கி டேவிஸுக்குப் பாயின்ட், அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்) எல்லாம் இரட்டை இலக்கம். ரீபவுண்ட் மட்டும் ஒன்பது. பத்தானால் டிரிபிள் டபுள், அதாவது மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கம். அணி இருபத்தைந்து பாயின்ட் முன்னால். என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்த ரிங்கில் வேண்டுமென்றே தவறாக ஒரு ஷூட் போட்டு, தானே எடுத்துக்கொண்டார். எதிரணி ஆள் கடுப்பாகி ஃபவுல் செய்தார், சொந்த அணி அபராதம் போட்டது. ரீபவுண்டும் கிடைக்கவில்லை, சொந்த ரிங்கில் போடுவது ஷூட் கணக்கிலேயே வராது. நம்ம ஊர் ஆட்டத்திலும் சொந்த ஆள் கையிலிருந்து பந்தைப் பிடுங்குகிற பையன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். அவனுக்கு 'டி'-யில் கோடு போட என் கை வராது, ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாயின்டை எழுதினால் எத்தனை ஷூட்டில் எடுத்தது என்பதையும் எழுதுங்கள். பந்தை இழந்த கணக்கையும் விடாதீர்கள். டீன் ஆலிவர் என்கிற அமெரிக்கப் புள்ளியியல்காரர் ஆட்டத்தின் வெற்றியை நான்காகப் பிரித்தார்: ஷூட் 40 சதவீதம், பந்தை இழக்காமல் இருப்பது 25, ரீபவுண்ட் 20, ஃப்ரீ த்ரோ 15. ரீபவுண்ட் மூன்றாவது இடம்தான். பதினொன்று எடுத்தவன் ஏழு முறை பந்தைத் தொலைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த நோட்டை ஆட்டத்துக்கு நடுவே பையன்கள் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறு நிமிஷமே ரிக்கி டேவிஸ் ஆகிவிடுவார்கள். முடிந்த பிறகு, 'இ' கட்டத்தை மட்டும் முதலில் காட்டுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பொழுதோட ஆட்டங்களுக்கு அந்தப் பெரியவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். போன வாரம் ஐந்தாம் நம்பர் பையனுக்கு 'இ' போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அது முட்டியில இடிச்சதுங்க, நடுவர் பாக்கல. அழிச்சுப்போடுங்." நான் இல்லை என்றேன். மூன்றாவது குவார்ட்டர் முழுக்க எங்கள் சண்டையிலேயே போனதால், அந்தப் பக்கத்தில் 'மிஸ்' கட்டம் காலியாக இருக்கிறது.