வளைவில் அடங்காத முன்பக்கம்

களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுகுருந்த விமான ஓடுபாதையில் பந்தய வேகத்தில் ஓட்டியபோது என் பழைய கொரோலா வளைவில் திரும்ப மறுத்து நேரே இழுத்தது. முன்சக்கர இழுவைக் கார்களின் பிறவிக்குணம்தான். ஆனால் முன் டயர்களின் வெளிவிளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்து, உள்பக்கம் புதிதாகவே இருந்தது. சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தில், அதாவது கேம்பரில், கை வைக்காமல் தீராது.

ஊருக்கு வந்து கல்முனையில் ஒரு கராஜுக்குப் போனேன். “ரோட்டில் ஓடினால் உள்பக்கம் தேயும், தம்பி” என்றார் மெக்கானிக். தேயட்டும். சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் மேல் போல்டுக்குப் பதில், சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போட்டு, சக்கரத்தின் தலையை ஒன்றரை பாகை உள்ளே சாய்த்தோம். கேம்பர் மாறினால் டோவும், அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும், மாறும். அதையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்தது காற்று. குளிர்ந்த டயரில் காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ. வைத்தால், ஓடிச் சூடானதும் 33 வரை ஏறுகிறது. டயரின் தோளில், அதாவது தரையில் படும் பகுதி பக்கச்சுவரைச் சந்திக்கும் விளிம்பில், வெண்கட்டியால் கோடிழுத்து ஓட்டினேன். கோடு பக்கச்சுவர்வரை அழிந்தால் காற்றுக் குறைவு, தொடாமலே நின்றால் அதிகம். இறங்கியவுடன் சூட்டோடு அளக்க வேண்டும். பின் டயர்களுக்குச் சற்றுக் கூட்டியதும் வால் இலகுவாகத் திரும்பியது.

ரோட்டில் மட்டக்களப்புக்குப் புறப்படுமுன் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கே காற்றை மாற்றிவிடுகிறேன்.