டென்வரில் நிழலும் பூவும் தரும் மரம்: கட்டால்பா நடுவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம் வீடு வாங்கியவர்கள் மரம் வைக்கும்போது குளிரை மட்டும்தான் யோசிக்கிறார்கள். இங்கே அதைவிட மரத்தைக் கொல்வது வறட்சி, அதுவும் குளிர்கால வறட்சி. மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 15 அங்குலம் வந்தால் பெரிது. மண்ணோ களிமண், காரத்தன்மை வேறு. மே மாதத்திலும் பனி கொட்டும். 2014 நவம்பரில் 60 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்த வெப்பம் ஓரிரு நாளில் பூஜ்யத்துக்குக் கீழே விழுந்து, எத்தனையோ மரங்கள் பட்டுப்போயின.

மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

வாகை, கொன்றை, ஜகரண்டா ஆசையை ஊரோடு விட்டுவிடுங்கள். இலையுதிர்காலச் சிவப்புக்காக மேப்பிள் வாங்க நினைத்தால், ரெட் மேப்பிள் வேண்டாம். கார மண்ணில் அதன் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகிவிடும். ஆஷ் மரமும் வேண்டாம். அதைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு 2013-இல் பக்கத்து ஊரான போல்டருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

என் தேர்வு கட்டால்பா. நர்சரியில் 'வெஸ்டர்ன் கட்டால்பா' அல்லது 'நார்தர்ன் கட்டால்பா' என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றுதான். நம் பாதிரி, மரமல்லி இவற்றின் குடும்பம். ஜூனில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, உள்ளே மஞ்சள் கோடும் ஊதாப் புள்ளியும். இலை முகத்தையே மறைக்கும் அளவு பெரிது, அதனால் நல்ல அடர்ந்த நிழல். கார மண், வறட்சி, கடுங்குளிர் மூன்றையும் தாங்கும். இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: பக்கத்து மரங்கள் எல்லாம் துளிர்த்த பிறகுதான் இது மெதுவாக இலை விடும், அதனால் பின்வசந்த உறைபனியில் பெரும்பாலும் மாட்டாது. மே மாதம் மொட்டையாக நிற்கிறதே, செத்துவிட்டதோ என்று வெட்டிவிடாதீர்கள்.

இடம் குறைவு என்றால் கோல்டன்ரெயின் மரம் வையுங்கள். கோடையில் மஞ்சளாகப் பூக்கும், பாதி உயரம்தான்.

இடம் பாருங்கள்

கட்டால்பா 40 முதல் 60 அடி வரை போகும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, மேற்கு அல்லது தென்மேற்குப் பக்கம் வையுங்கள். கோடையில் பிற்பகல் வெயிலை மறைக்கும், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலை உள்ளே விடும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே வேண்டாம், பூவும் காயும் நிறையக் கொட்டும். நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவிலுள்ள துண்டு நிலம் என்றால் டென்வர் நகராட்சியின் அனுமதி வேண்டும். எங்கே தோண்டினாலும் சில நாள் முன்பே 811 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். கேஸ், மின்சார வழித்தடங்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

நடுங்கள்

குழி ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும்: வேர்மண் கட்டியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு அகலம். தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை வெட்டிவிடுங்கள். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தரைக்கு ஓர் அங்குலமோ இரண்டோ மேலே நிற்க வேண்டும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். மேலே மூன்று, நான்கு அங்குலம் மரச்சில்லு மூடாக்கு, தண்டைத் தொடாமல். அவ்வளவுதான்.

குளிர்காலத்திலும் தண்ணீர் விடுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். அக்டோபரில் சொட்டுநீர்க் குழாயை மூடியதும் மரத்தையும் மறந்துவிடுகிறார்கள். வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்க, வேர் மெல்லக் காய்கிறது. மரமோ வசந்தத்தில் வழக்கம்போல் துளிர்க்கும், ஜூலையில் திடீரென்று வாடும். யாரும் ஜனவரியைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை, தரையில் பனி இல்லாமல், வெப்பம் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் நாளில், மாதம் ஒன்றிரண்டு முறை நடுப்பகலில் விடுங்கள். அப்போதுதான் இரவு உறைவதற்குள் மண்ணில் இறங்கும். அளவு சுலபம்: தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 10 கேலன். தண்டை ஒட்டி ஊற்றாமல் கிளைகளின் ஓரம் வரை பரவலாக விடுங்கள். கோடையிலும் இதே அளவுதான், ஆனால் அடிக்கடி. ஸ்க்ரூடிரைவர் மண்ணில் எளிதாக இறங்கினால் இன்று வேண்டாம்.

முதல் சில ஆண்டுகள் நவம்பரில் தண்டுக்கு வெள்ளைத் துணிச்சுற்று கட்டி ஏப்ரலில் அவிழ்த்துவிடுங்கள். தென்மேற்கு வெயிலில் சூடாகி இரவில் உறையும் பட்டை வெடிக்காமல் இருக்கும்.

அப்புறம்

பூவுக்கு சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். காய்கள் முருங்கைக்காய் போலத் தொங்கும், சாம்பாருக்கு ஆகாது. ஆலங்கட்டி மழை பெரிய இலைகளைக் கந்தலாக்கினால் பதறி உரம் போடவோ கிளையை வெட்டவோ வேண்டாம். தண்ணீர் மட்டும் ஒழுங்காக விடுங்கள், தானே தேறிக்கொள்ளும்.