இங்கிலாந்துல சிப் படிக்கிற கேட் ஃப்ளாப் வாங்கப் போறீங்களா, முதல்ல இதப் படிச்சிடுங்க

நாங்க இருக்கறது ரெடிங்ல, வரிசையா ஒட்டிக் கட்டின டெரஸ் வீடு, பின்னாடி சின்னத் தோட்டம், ரெண்டு பூனை. கேட் ஃப்ளாப்னா பூனை தானா வந்து போக கதவுல வெக்கற சின்னத் தள்ளுகதவு. முதல்ல போட்டது சாதா ஃப்ளாப், எந்தப் பூனை தள்ளினாலும் திறக்கும். மூணு வாரத்துல ஒரு ஆரஞ்சு கலர் கடுவன் அந்த வழியைக் கண்டுபிடிச்சிடுச்சு. ராத்திரி உள்ள வந்து கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு, போறப்ப வாஷிங் மெஷின் மேல மூத்திரம் பீச்சிட்டுப் போகும். எங்க சின்னது பயந்துபோயி கட்டிலுக்கு அடியில இருந்து வரவே மாட்டேன்னுடுச்சு, ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அப்புறம்தான் எலக்ட்ரானிக் ஃப்ளாப் மாத்தினோம்.

மார்க்கெட்ல காந்தம் வெச்சது, கழுத்துப் பட்டையில டேக் மாட்டறது, பூனை உடம்புக்குள்ள போட்டிருக்கற மைக்ரோசிப்பைப் படிக்கிறதுன்னு மூணு விதம் இருக்கு. காந்தம் வேண்டவே வேண்டாம், பக்கத்து வீட்டுப் பூனை கழுத்துலயும் காந்தம் இருந்தா அதுக்கும் கதவு திறந்துடும். டேக் கொஞ்சம் பரவால்ல, ஆனா பூனைக்குப் போடற பட்டை எங்கயாவது மாட்டினா தானா கழண்டு விழற மாதிரிதான் இருக்கணும், இல்லன்னா கழுத்து இறுகிடும், அப்போ பட்டை தொலையத்தான் செய்யும், தொலைஞ்ச அன்னிக்கு பூனை மழையில நிக்கும். அதனால சிப் ஃப்ளாப்தான் என் சாய்ஸ். இங்கிலாந்துல 2024 ஜூன் 10ல இருந்து வீட்டுப் பூனைக்கு 20 வாரம் ஆகறதுக்குள்ள சிப் போட்டே ஆகணும்னு சட்டம், போடலைன்னா 500 பவுண்டு வரைக்கும் ஃபைன் வரலாம். எப்படியும் உள்ள இருக்கப்போற சிப், அதையே சாவியா வெச்சுக்கலாம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா செலக்ட் பண்றது ஈஸி. சிப்னா அரிசி அளவு கண்ணாடிக் குழாய், ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில இருக்கும், அதுல பேட்டரி எல்லாம் கிடையாது. ஃப்ளாப்புல பூனை நுழையற குழாய் மாதிரி வழியில இருக்கற ரீடர் ரேடியோ அலை அனுப்பும், அந்த சக்தியில சிப் தன் நம்பரைச் சொல்லும். அதனால சில சென்டிமீட்டர் தூரத்துலதான் படிக்கும், பூனை தலையையும் கழுத்தையும் உள்ள விட்டாதான் லாக் 'டக்'னு திறக்கும். சில பூனைங்களுக்கு சிப் நகர்ந்து தோள் பக்கமா இறங்கியிருக்கும், அப்போ படிக்கறது கஷ்டம். வாங்கறதுக்கு முன்னாடி வெட் (பூனை டாக்டர்) கிட்ட போறப்ப ஸ்கேன் பண்ணி சிப் எங்க இருக்கு, எத்தனை டிஜிட்னு கேட்டுக்கோங்க. இப்போ போடறது 15 டிஜிட், பழைய பூனைன்னா 9, 10 டிஜிட்டும் இருக்கலாம், நீங்க வாங்கற மாடல் அதைப் படிக்குமான்னு பெட்டியில பாக்கணும்.

அடுத்தது சைஸ். ஷ்யூர்ஃப்ளாப்ங்கற பிராண்டோட சாதா சிப் மாடல்ல பூனை நுழையற இடம் அகலம் 142 மில்லிமீட்டர், உயரம் 120. பெரிய பெட் டோர்னா 178க்கு 170. கடையில நின்னு யோசிச்சா ஒண்ணும் புரியாது, ஒரு அட்டைப்பெட்டியில 14க்கு 12 சென்டிமீட்டர் ஓட்டை வெட்டி அந்தப் பக்கம் ட்ரீட் வெச்சுப் பாருங்க. எங்க பெருசு ஆறரை கிலோ, தோள் வரைக்கும் போயிட்டு வயித்துக்கிட்ட நின்னு யோசிச்சு பின்னாடியே வந்துடுச்சு, அதனால நாங்க பெரிய மாடலுக்குப் போனோம். மெயின் கூன்ங்கற பெரிய ஜாதிப் பூனை வெச்சிருக்கறவங்க யோசிக்கவே வேண்டாம், பெருசுதான்.

அப்புறம், சாதா மாடல் உள்ள வர்றப்ப மட்டும்தான் சிப்பைப் பாக்கும், வெளிய போக யாரு தள்ளினாலும் திறக்கும். டூயல் ஸ்கேன்னு இருக்கறது ரெண்டு பக்கமும் படிக்கும், அதாவது ஒரு பூனைய வெளிய விட்டு இன்னொண்ண வீட்லயே நிறுத்தலாம். கருத்தடை ஆகாத குட்டி இருந்தா, இல்ல ஒண்ணுக்கு மருந்து போயிட்டிருந்தா இதுக்குக் கூடக் காசு குடுக்கறது நியாயம், மத்தவங்களுக்குத் தேவையில்ல. ஃபோன் ஆப்போட வர்றதும் எனக்கு அவசியமாப் படல. ஆனா டைமர் கட்டாயம் வேணும், இருட்டினதும் தானா லாக் ஆயிடும், ராத்திரி ரோட்ல அடிபடற பயம் குறையும்.

கதவு விஷயத்துலதான் நிறைய பேர் காசைத் தொலைக்கறாங்க. மரக்கதவு, யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) பேனல்னா அளவு பாத்து வெட்டிடலாம். டபுள் கிளேசிங், அதாவது ரெண்டு அடுக்குக் கண்ணாடில வெட்ட முடியாது, டஃபன் பண்ணின (சூடு பண்ணி உறுதியாக்கின) கண்ணாடி மேல ட்ரில் பட்டா மொத்தமா நொறுங்கிடும், ஓட்டையோட புதுக் கண்ணாடி ஆர்டர் பண்ணித்தான் மாத்தணும். ஃபிளாட்டோட ஃபயர் டோர்ல (தீ பரவாம தடுக்கற கதவு) கை வைக்காதீங்க. வாடகை வீடுன்னா ஓனர் கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. எங்களுக்கு மாட்ட வந்தவர் உள்பக்கம் மட்டும் அளந்து வெட்டிட்டார், வெளிய தரை ஒரு படி இறக்கம், பாவம் பூனைங்க எக்கி எக்கி ஏற வேண்டியதாச்சு, கடைசியில வெளிய ஒரு கல் பலகை போட்டோம். ஃப்ளாப்போட அடி விளிம்பு பூனை வயித்து உயரத்துக்கு இருக்கணும், ரெண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்க.

பேட்டரி அல்கலைன்தான், ரீசார்ஜ் பண்றது 1.2 வோல்ட், சரிப்படாது. சிவப்பு லைட் மின்ன ஆரம்பிச்சா அன்னிக்கே மாத்துங்க. லேர்ன் பட்டனை அமுக்கினதும் முதல்ல எந்தப் பூனை தலையை விடுதோ அதைத்தான் ஞாபகம் வெச்சுக்கும், அதனால நம்மது நுழையற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. முதல் வாரம் ஃப்ளாப்பை டேப் ஒட்டித் தூக்கியே வெச்சு பழக்குங்க, அப்புறம் பாதி, அப்புறம் முழுசா. அந்த 'டக்' சத்தம்தான் பூனைங்களுக்குப் பயம், கையில ட்ரீட் வெச்சுக்கிட்டு பொறுமையா உக்காருங்க.

மாட்டின மறுநாள் ராத்திரி அந்தக் கடுவன் வந்துச்சு. நெத்தியால முட்டிச்சு, திறக்கல, திரும்ப முட்டிட்டு படியிலயே உக்காந்துடுச்சு. விலா எலும்பு தெரிஞ்சுது, எனக்கு மனசு கேக்கல. 'இந்தப் பூனைக்கு வீடு இருக்கா?'ன்னு ஒரு பேப்பர்ல எழுதி, ஃபோன் நம்பரும் போட்டு, கழுத்துல லூசா சுத்தி ஒட்டி விட்டேன். ரெண்டு நாள் கழிச்சு நாலு வீடு தள்ளி இருக்கற ஒரு பாட்டி கூப்பிட்டாங்க, வயசான பூனையாம், தைராய்டுக்கு மாத்திரை போயிட்டிருக்காம், அதான் அவ்ளோ பசி.