மோன்பாஸியே ஊரைக் காலால் அளப்பது எப்படி

பிரான்ஸின் தென்மேற்கில், தோர்தோன் மாவட்டத்தில், 500 பேர் அளவில் வசிக்கும் ஊர் மோன்பாஸியே. ரயில் கிடையாது, காரில்தான் போகவேண்டும். நான் முதல் தடவை பகல் பன்னிரண்டரைக்குப் போய் இறங்கினேன். கடைகள் எல்லாம் சாப்பாட்டுக்குச் சாத்தியிருந்தன. இரண்டு மணி வரை வயிறு காய்ந்ததுதான் மிச்சம். நீங்கள் காலை பத்துக்குள் போய்விடுங்கள். வியாழன் சந்தை நாள். கலகலப்பாக இருக்கும், ஆனால் சதுக்கத்தில் தரை தெரியாது. அளந்து பார்க்க நினைத்தால் வேறு நாள் போங்கள்.

ஆமாம், அளக்கத்தான் சொல்கிறேன். கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் நான். இந்த ஊரின் சரித்திரம் அதன் அளவுகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஊரின் ஆறு வாசல்களில் மூன்று மிச்சம். அதில் ஒன்றில் நுழைந்து, நீளவாக்கில் போகும் தெருவில் எண்ணிக்கொண்டே நடங்கள். நீளம் 400 மீட்டர்; என் நடைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் காலடி. குறுக்கே 220 மீட்டர். தெருக்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும். கோடு போட்ட நோட்டில் வரைந்ததுபோல் இருக்கும்.

வரைந்த ஊர்தான். 1284இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட், உள்ளூர் பிரபுவான பிரோன் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து நிறுவியது. இங்கிலாந்து ராஜாவுக்கு இங்கே என்ன வேலை? 1152இல், இந்தப் பகுதி அடங்கிய அக்கித்தேன் நாட்டின் வாரிசு எலியனோர், பின்னாளில் இரண்டாம் ஹென்றியாக இங்கிலாந்து அரியணை ஏறியவரை மணந்தார். அந்த வழியில் வந்த சொத்து. பிரெஞ்சு ராஜாவோடு எல்லைத் தகராறு ஓயாத பகுதி அது. ஆள் குடியேறினால்தான் மண் நம் வசம், வரியும் வரும் என்பது கணக்கு. இப்படித் திட்டமிட்டுக் கட்டிய ஊர்களுக்கு 'பஸ்தீத்' என்று பெயர். குடியேறியவர்களுக்கு ஒரே அளவில் மனை கொடுத்தார்கள்: சுமார் 8 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம்.

அடுத்து, நடப்பதை நிறுத்தி இரண்டு வீடுகளுக்கு நடுவே பாருங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சந்து இருக்கும். 'ஆந்த்ரோன்' என்பார்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்கவும், கூரைத் தண்ணீரும் கழிவும் வெளியேறவும் விட்ட இடம். நான் உள்ளே கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கக் கல்லும் சில்லென்று ஈரமாகத் தட்டுப்பட்டன. பொதுச்சுவர் வழக்குகளுக்குப் படம் போட்டுக் களைத்தவன் என்பதால், எனக்கு அரண்மனையைவிட இது பெரிய சங்கதி.

அப்புறம் சதுக்கம். சுற்றிலும் வீடுகளின் கீழ்த்தளம் கல் வளைவுகளாகத் திறந்திருக்கும். மழை பெய்தாலும் நனையாமல் சுற்றி வரலாம். மூலைகளில் வளைவுகள் நெருங்கி வந்து ஆள் நுழையும் அளவுக்கே வழி விடும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ஒரு பக்கம் மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கொட்டகை. அதன் கீழே தானியம் அளந்த பழைய அளவைகள் இன்னும் நிற்கின்றன, நம் மரக்காலுக்கு அண்ணன்கள் மாதிரி.

கொட்டகை நிழலில் உட்கார்ந்து, 1637ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வரிச்சுமை தாங்காமல் கலகத்தில் இறங்கிய 'குரோக்கான்' விவசாயிகளின் தலைவர்களில் ஒருவர் பூஃபரோ. பக்கத்துக் கிராமமான கப்த்ரோவைச் சேர்ந்த நெசவாளி. அவரை இதே சதுக்கத்தில் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். இன்று அங்கே காபி மேசைகள்.

கடைசியாகத் தேவாலயம். உள்ளே போகும் அவசரத்தில் வாசலுக்கு மேலே பார்க்க மறந்துவிடாதீர்கள். பிரெஞ்சு மக்கள் பரம்பொருளின் இருப்பையும் ஆன்மாவின் அழியாமையையும் ஏற்கிறார்கள் என்று பொறித்திருக்கும். 1794இல், பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் காலத்து ஆணை. புரட்சி போய்விட்டது, எழுத்தை யாரும் சுரண்டவில்லை.

நேரமிருந்தால் பிரோன் கோட்டை தெற்கே காரில் கொஞ்ச தூரம்தான். கோட்டைக்காக ஊரைச் சுருக்காதீர்கள்.